வாசகர் கேள்வி – பதில்: சொல் தெரிகிறது, வாக்கியம் புரியவில்லை

கல்லூரிகள் திறந்ததை ஒட்டி வந்த கடிதங்களில் பல, ஆங்கிலச் சொல்வளத்தைப் பற்றியே கேட்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருக்கும் இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, இப்போது பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்திருக்கிறேன். 'வெலாசிட்டி', 'மொமென்டம்' போன்ற பாடச் சொற்கள் தெரிகின்றன. சாதாரண ஆங்கிலமும் ஓரளவு வரும். ஆனாலும் பாடநூலில் ஒரு பத்தியைப் படித்தால் என்ன சொல்கிறார்கள் என்பது பிடிபடவில்லை. அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடையில் 3,000 கடினச் சொற்கள் கொண்ட ஒரு புத்தகம் வாங்கியிருக்கிறேன். அதை எங்கிருந்து தொடங்கலாம்? – மாணவி, வியாசர்பாடி

பதில்: அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். உங்களைத் தடுமாற வைப்பவை அதில் உள்ள அரிய சொற்கள் அல்ல. கல்லூரிப் பாடநூலின் சொற்களை மூன்று அடுக்காகப் பிரிக்கலாம். முதல் அடுக்கு அன்றாடச் சொற்கள். வங்காளத்தில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் பல ஆண்டுகள் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1953-இல் வெளியிட்ட பட்டியலில் இத்தகைய சொற்கள் ஏறத்தாழ 2,000 இருக்கின்றன. பாடநூல் எழுத்தில் முக்கால் பங்கு இவைதாம். மூன்றாம் அடுக்கு உங்கள் துறைக்கே உரிய கலைச்சொற்கள். 'திசைவேகம்', 'உந்தம்' என்று தமிழில் கருத்தை ஏற்கெனவே அறிந்திருப்பதால், அவற்றின் ஆங்கிலப் பெயர்களைக் கற்பதில் உங்களுக்குச் சிரமமே இருந்திருக்காது. இடையில் இருக்கும் இரண்டாம் அடுக்கில்தான் சிக்கல். அந்தச் சொற்கள் எந்தத் துறைக்கும் சொந்தமல்ல என்பதால் எந்த வகுப்பிலும் எந்த ஆசிரியரும் அவற்றை விளக்குவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: 'தி ரிசல்ட்ஸ் ஆர் கன்சிஸ்டென்ட் வித் தி அசம்ப்ஷன் தட் ஃப்ரிக்‌ஷன் இஸ் நெக்ளிஜிபிள்.' இதில் ஃப்ரிக்‌ஷன் என்றால் உராய்வு என்று உங்களுக்குத் தெரியும். 'உராய்வு பொருட்படுத்தத் தக்க அளவில் இல்லை என்று நாம் எடுத்துக்கொண்டதற்குச் சோதனை முடிவுகள் முரணாக இல்லை' என்ற பொருளைத் தருபவை கன்சிஸ்டென்ட், அசம்ப்ஷன், நெக்ளிஜிபிள் ஆகிய மூன்று சொற்கள். இவை வேதியியலிலும் வரும், பொருளியலிலும் வரும், சட்டத் தீர்ப்பிலும் வரும்.

நியூசிலாந்தின் வெலிங்டனில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர், கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு புலங்களின் நூல்களிலிருந்தும் கட்டுரைகளிலிருந்தும் 35 லட்சம் சொற்களைத் திரட்டி, எல்லாப் புலங்களிலும் பொதுவாகத் திரும்பத் திரும்ப வருபவற்றைப் பிரித்தெடுத்து, 2000-ஆம் ஆண்டில் 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' என்ற பட்டியலாக வெளியிட்டார். அதில் இருப்பவை 570 சொற்குடும்பங்கள் மட்டுமே (அஸ்யூம், அசம்ப்ஷன் போல ஒரு சொல்லின் பல வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). ஆனால் கல்விசார் எழுத்தில் பத்தில் ஒரு சொல் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்ததாக இருக்கிறது. 3,000 அரிய சொற்களை மனப்பாடம் செய்தாலும் உங்கள் பாடநூலில் ஒரு பக்கத்துக்கு ஒன்று கண்ணில் படுவதே அரிது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மிகுதியாக வரும் சொற்கள் முதலில் அமையும்படி பத்துப் பிரிவுகளாக அது வகுக்கப்பட்டிருக்கிறது. முதல் பிரிவின் 60 சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் இயற்பியல் நூலின் முதல் அத்தியாயத்தில் அவை வரும் இடங்களை எல்லாம் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். 'டெரைவ்' (வருவித்தல்), 'வேரி', 'இண்டிகேட்', 'ஃபங்‌ஷன்' எனப் பக்கத்துக்குப் பக்கம் கோடு விழுவதைப் பார்ப்பீர்கள். அடிக்கோடிட்ட வாக்கியத்தையே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லை மட்டும் பிரித்து எழுத வேண்டாம். 'அஸ்யூம்' என்ற வினையைக் கற்கும்போதே 'அசம்ப்ஷன்' என்ற பெயரையும் சேர்த்துக் கற்றுவிடுங்கள். பாடநூல்கள் வினையைவிடப் பெயர் வடிவத்தையே விரும்பிக் கையாளும்.

கேள்வி: ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தினமும் படித்தால் சொல்வளம் பெருகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு பத்தியில் பத்துச் சொற்கள் தெரியவில்லை. அகராதியைப் புரட்டியே நேரம் போய்விடுகிறது. விட்டுவிடலாமா? – கல்லூரி மாணவர், ஆவடி

பதில்: நாளிதழை விட வேண்டாம், தலையங்கத்தைச் சில மாதங்களுக்கு விட்டுவிடுங்கள். துணையின்றி ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்வதற்கு அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும், அதாவது ஐம்பதுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாத சொல் இருக்கக் கூடாது என்பது இத்துறை ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் அளவு. நாளிதழையும் நாவலையும் அந்த நிலையில் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று பால் நேஷன் என்ற ஆய்வாளர் 2006-இல் கணக்கிட்டுக் காட்டினார். பத்தியில் பத்துச் சொற்கள் தெரியாதபோது முன்பின் பார்த்துப் பொருளை ஊகிக்கவும் வழியில்லை. ஊகத்துக்குத் துணை நிற்க வேண்டிய அண்டைச் சொற்களும் அல்லவா தெரியாமல் இருக்கின்றன?

ஆகவே, தமிழில் நீங்கள் ஏற்கெனவே நன்கு அறிந்த செய்தியை ஆங்கிலத்தில் படியுங்கள். ஆவடியில் இருக்கும் உங்களுக்கு வடகிழக்குப் பருவமழையைவிட நல்ல பாடம் கிடைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம் 24 அடியை நெருங்குகிறதா, உபரிநீர் எவ்வளவு திறக்கப்படுகிறது, எந்தச் சுரங்கப்பாதை மூழ்கியது என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறோம். மறுநாள் காலை அதே செய்தியை ஆங்கிலத்தில் படித்தால், 'இன்ஃப்ளோ', 'சர்ப்ளஸ்', 'கேட்ச்மென்ட்', 'இனண்டேட்', 'டிஸ்சார்ஜ்' ஆகியவற்றின் பொருள் அகராதி இல்லாமலேயே விளங்கும். மனச்சோர்வு என்று மட்டும் நீங்கள் அறிந்திருக்கும் 'டிப்ரெஷன்', வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக நிற்பதையும் காண்பீர்கள். மழை நாலு நாள் நீடித்தால் அதே சொற்கள் நாலு நாளும் திரும்ப வரும். ஒரே பொருளைத் தொடர்ந்து படிப்பதில் உள்ள பெரிய வசதி இதுதான். தலையங்கமோ இன்று வரவு செலவுத் திட்டம், நாளை வெளியுறவு என்று தாவுவதால், நேற்றைய சொல் இன்று திரும்ப வருவதில்லை. மழை முடிந்ததும் கிரிக்கெட்டோ மெட்ரோ ரயில் பணியோ, உங்களுக்கு ஈடுபாடுள்ள எதையாவது எடுத்துக்கொண்டு ஒரு மாதம் தொடருங்கள்.

நாளிதழ்களுக்குச் செலவிட வேண்டியதில்லை. எழும்பூரில் 1896 முதல் இயங்கிவரும் கன்னிமாரா பொது நூலகத்திலும், அண்ணா சாலையில் உள்ள தேவநேயப் பாவாணர் நூலகத்திலும், 2010-இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் அவை கிடைக்கும். கோட்டூர்புரத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுசென்று படிப்பதற்கென்றே தனிப் பகுதியும் இருக்கிறது.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனைத் தினம் 20 புதிய சொற்கள் கற்றுத்தரும் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்திருக்கிறேன். அன்றன்றைக்கு ஒப்பிக்கிறான், அடுத்த வாரம் கேட்டால் பாதிகூட நினைவில் இல்லை. நினைவாற்றல் குறைவோ என்று கவலையாக இருக்கிறது. – ஒரு தந்தை, போரூர்

பதில்: மகனைக் குறை சொல்லாதீர்கள் ஐயா. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, கற்றதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாட்களிலேயே மறந்துபோகிறது என்பதை 1885-இல் பதிவு செய்தார். தினம் 20 என்றால் வாரத்துக்கு 140. அவற்றில் ஒன்றையாவது இரண்டாம் முறை பார்க்க அந்த வகுப்பு வாய்ப்புத் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

தினம் ஐந்து சொற்கள் போதும். வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டையில், எழுத்தில்லாத பக்கம் வரும்படி, விசிட்டிங் கார்டு அளவுக்குத் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் அந்தச் சொல் வரவேண்டிய இடத்தைக் கோடாக விட்டு ஒரு வாக்கியம், மறுபக்கத்தில் சொல்லும் தமிழ்ப் பொருளும் இருக்கட்டும். எல்லா அட்டைகளையும் முதல் பெட்டியில் போட்டுத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாம் பெட்டிக்குப் போகும். அதை மூன்று நாளைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அதிலும் தேறியது மூன்றாம் பெட்டிக்கு, வாரம் ஒருமுறை. எங்கே தவறினாலும் அட்டை முதல் பெட்டிக்கே திரும்பிவிடும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறை இது. இன்று கைப்பேசிச் செயலிகள் பலவும் செய்வது இதைத்தான். எட்டாம் வகுப்புப் பையனுக்கு நான் கைப்பேசியைவிட அட்டையையே பரிந்துரைப்பேன். அந்த வாக்கியத்தை அவனே எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் பயனில் பாதி போய்விடும்.

கேள்வி: லத்தீன், கிரேக்க வேர்களைக் கற்றால் ஆயிரக்கணக்கான சொற்கள் தாமாகவே விளங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா? – ஆசிரியப் பயிற்சி மாணவி, சைதாப்பேட்டை

பதில்: ஓரளவுக்கு உண்மை. 'ஸ்பெக்ட்' என்றால் பார்ப்பது என்று அறிந்தவருக்கு இன்ஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர், ரெட்ராஸ்பெக்ட் ஆகியவை நினைவில் எளிதாகப் படியும். ஆனால் வேரைக் கொண்டு தெரியாத சொல்லின் பொருளை முடிவு செய்யக் கூடாது. நடந்து செல்பவரைக் குறிக்கும் 'பெடஸ்ட்ரியன்' பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. குழந்தை மருத்துவரான 'பீடியாட்ரிஷியன்' குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தவர். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. நினைவில் நிறுத்த வேர் உதவும். பொருளுக்கு வாக்கியத்தைப் பாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வு எழுதப் போகிறேன். சீனியர்கள் 3,500 சொற்கள் கொண்ட பழைய பட்டியலைக் கொடுத்து, இதை முடிக்காமல் தேர்வுக்குப் பதிவு செய்யாதே என்கிறார்கள். – பொறியியல் மாணவர், வேளச்சேரி

பதில்: அந்தப் பட்டியல் வேறொரு தேர்வுக்கு உரியது. எதிர்ச்சொல் கேள்விகளும், இணை காணும் கேள்விகளும் 2011 ஆகஸ்டில் ஜி.ஆர்.இ.யிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. இப்போது வாக்கியத்தின் போக்கைப் பிடித்து விடுபட்ட சொல்லை நிரப்ப வேண்டும். அல்லது ஆறு விடைகளில், வாக்கியத்தை ஒரே பொருளில் முடிக்கும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரிய சொல்லைவிட, தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்தான் இங்கே காலை வாருகிறது. 'குவாலிஃபை' என்றால் தகுதி பெறுவது மட்டுமல்ல, ஒரு கூற்றை இன்ன வரம்புக்குள் மட்டும் செல்லும் என்று கட்டுப்படுத்துவதும் ஆகும். 'டெம்பர்' வினையாக வரும்போது மட்டுப்படுத்துவதையும், 'ஃப்ளாக்' தளர்வதையும், 'சாங்ஷன்' அனுமதி, தண்டனை இரண்டையுமே குறிக்கும். சில நூறு சொற்களை இப்படிப் பல பொருளோடும் அறிந்துகொண்டு, மீதி நேரத்தை நீண்ட கட்டுரைகளைப் படிப்பதில் செலவிடுங்கள்.

கேள்வி: உயர்ந்த சொற்களைப் போட்டுக் கட்டுரை எழுதினேன். 'மை மதர் யூட்டிலைஸ்டு எ ப்ளெதரா ஆஃப் வெஜிடபிள்ஸ்' என்ற வரியின் கீழ் ஆசிரியை சிவப்புக் கோடு போட்டுவிட்டார். இலக்கணம் சரியாகத்தானே இருக்கிறது? – பிளஸ் ஒன் மாணவி, குரோம்பேட்டை

பதில்: இலக்கணம் சரி, உங்கள் அம்மா சாம்பார் வைத்தாரா, ஆய்வுக்கூடம் நடத்தினாரா என்பதுதான் தெரியவில்லை. 'யூட்டிலைஸ்' அலுவலக அறிக்கைக்கு உரிய சொல். 'ப்ளெதரா' தேவைக்கு மிஞ்சிய மிகுதியைச் சொல்வது. சமையலறையில் 'யூஸ்டு', 'மெனி' என்பவைதாம் பொருந்தும். ஒவ்வொரு சொல்லும் தனக்குப் பழகிய சொற்களோடுதான் சேரும்: மழைக்கு 'ஹெவி', தேநீருக்கு 'ஸ்ட்ராங்', தவறுக்கு 'மேக்'. ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் எழுத்துப் பகுதியில் சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பு உண்டு. அங்கேயும் சொற்கள் பொருத்தமாகச் சேர்ந்திருக்கின்றனவா என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். புதிய சொல்லைக் கட்டுரையில் பயன்படுத்துவதற்கு முன், அது வந்த இரண்டு மூன்று வாக்கியங்களையாவது வேறெங்கேனும் படித்திருக்கிறோமா என்று யோசியுங்கள். கோடு போட்ட ஆசிரியைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் பார்த்தால் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். எந்த அகராதியைப் பயன்படுத்துவது? – பொறியியல் மாணவர், தாம்பரம்

பதில்: தமிழ்ப் பொருளைப் பார்ப்பதில் இழுக்கு ஏதுமில்லை, புதிய சொல்லின் பொருளை விரைவாகப் பற்றிக்கொள்ள அதுவே நேர்வழி. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்றும் மதிப்புக்குரியது. ஆனால் கணினிக் காலத்துப் பொருள்களை அதில் தேட முடியாது என்பதும், ஒரு சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்பதை இருமொழி அகராதிகள் பெரும்பாலும் காட்டுவதில்லை என்பதும் அதன் எல்லைகள். அதற்குக் கற்போர் அகராதி வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஹார்ன்பி, அயல்மொழி மாணவர்களின் தடுமாற்றங்களைக் கண்முன் வைத்துத் தொகுத்த அகராதியை 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. 1978-இல் வந்த லாங்மன், ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாச் சொற்களுக்கும் பொருள் கூறுகிறது. 1987-இல் வந்த கோபில்ட், பொருளையே முழு வாக்கியமாகச் சொல்கிறது. மூன்றின் இன்றைய பதிப்புகளையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்களுக்கு நான் லாங்மனைச் சொல்வேன். தமிழில் பொருளைப் பார்த்த கையோடு லாங்மனில் அதே சொல்லை எடுத்து, கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.