சூப்பர் மார்க்கெட்டின் சொந்த பிராண்டு வீகன் உணவுகள்: கேள்வி பதில்

சூப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் பெயரிலேயே விற்கும் உறைந்த வீகன் (இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராத) நக்கெட்ஸ், பர்கர் பேட்டி, சீஸ் பற்றிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: நக்கெட்ஸ் மேலே நமத்துப்போகிறது, உள்ளே ஜில்லென்று இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: ஃப்ரீசரிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பீர்கள். உள்ளிருக்கும் பனி உருகி, அந்தத் தண்ணீரைப் பிரெட் தூள் குடித்துவிடும். அப்புறம் எவ்வளவு வறுத்தாலும் மொறுமொறுப்பு வராது. எடுத்ததும் நேராகச் சூட்டுக்குப் போக வேண்டும். நெருக்கி அடுக்குவதும் கெடுதல்தான். துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி இல்லாவிட்டால் ஆவி போக வழியில்லாமல், வறுபடுவதற்குப் பதில் அவிந்துவிடும்.

ஏர் ஃப்ரையரை 3 நிமிடம் காலியாகச் சூடாக்கிவிட்டு, 200 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம் வையுங்கள். பாதியில் ஒரு தரம் திருப்பினால் போதும். பாக்கெட்டில் வேறு நேரம் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. முட்கரண்டியால் மேலே கீறினால் சரசரவென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, இன்னும் 2 நிமிடம். ஒன்றைப் பிட்டால் நடுவிலிருந்து ஆவி எழ வேண்டும். தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு நடுப்பகுதியில் 75 டிகிரி. மைக்ரோவேவ் இதற்கு ஆகாது.

கேள்வி: பேட்டியைத் திருப்பும்போது உதிர்ந்துவிடுகிறதே?

பதில்: அவசரப்படுகிறீர்கள். பல பேட்டிகளைச் சேர்த்துப் பிடிப்பது மெத்தில் செல்லுலோஸ். அகர் அகர் (கடல்பாசி) ஆறினால் இறுகும். மெத்தில் செல்லுலோஸ் அதற்கு நேர்மாறு, சூட்டில் இறுகி, ஆறினால் தளரும். அதனால்தான் ஆறிய பேட்டி கொழகொழக்கிறது. மிதமான தீயில், ஒரு தேக்கரண்டி எண்ணெயில், 4 நிமிடம் தொடாமல் விடுங்கள். ஓரம் பழுப்பாகி, சட்டியை ஆட்டினால் பேட்டி தானாக நழுவும். அப்போது ஒரே தரம் திருப்புங்கள். கரண்டியால் அழுத்தவே கூடாது.

கேள்வி: 'பால் இருக்கலாம்' என்று போட்டிருக்கிறது. அப்புறம் எப்படி வீகன்?

பதில்: பால் சேர்க்கவில்லை, தயாரிக்கும் இடத்தில் எங்கேயாவது பால் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு என்ற எச்சரிக்கை அது. வீகனாக இருப்பவர் சாப்பிடலாம் என்பேன். பால் ஒவ்வாமை உள்ளவர் தொடவே கூடாது. 'வெஜிடேரியன்' என்று மட்டும் இருந்தால் முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், கேசீன் (இதுவும் ஒரு பால் புரதம்தான்) இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சீஸ் உருகவே மாட்டேன் என்கிறது.

பதில்: பால் சீஸை நூலாக இழுபட வைப்பது கேசீன். வீகன் சீஸில் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயும் மாவுச்சத்தும்தான். துருவி பேட்டி மேல் போட்டு, சட்டி ஓரத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு, 1 நிமிடம் மூடி வையுங்கள். இளகும்; நூல் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: தினமும் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் உப்பைப் பாருங்கள். 100 கிராமில் 1.5 கிராமுக்கு மேல் இருந்தால் அதிகம். சோடியம் மட்டும் கொடுத்திருந்தால் 2.5 ஆல் பெருக்குங்கள், உப்பளவு வந்துவிடும். வைட்டமின் பி12 தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு, பொருட்பட்டியலில் தேடுங்கள்.

கேள்வி: உருகிவிட்டதை மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாமா?

பதில்: கூடாது. ஃப்ரிட்ஜுக்குள் உருகியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் சமைத்துவிடுங்கள்.