பர்மா கால்பந்து அணி ஒருகாலத்தில் ஆசியாவின் முன்னணி அணியாக இருந்ததா?

ஆம், இருந்தது. யாங்கோன் தேநீர்க் கடைகளில் நம் தமிழ்ப் பெரியவர்கள் சொல்வதில் மிகை ஏதுமில்லை. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வென்று தங்கம். 1970-இல் அதே நகரில் இறுதியாட்டம் கோலின்றி முடிய, தென் கொரியாவுடன் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டது. இடையில், 1968 ஆசியக் கோப்பையில் ஈரானுக்கு அடுத்த இடம். அந்தக் காலத்து நட்சத்திரம் சுக் பகதூர் கூர்க்கா வம்சாவளியினர். குடியேறிகளின் பிள்ளைகளான நமக்கு அதில் தனிப் பெருமை.

ஆனால் நான் முதலில் சொல்வது 1972 மியூனிக் ஒலிம்பிக்கைத்தான். அங்கே வெண்கலம் வென்ற சோவியத் யூனியனே பர்மாவை 1-0 என்றுதான் வெல்ல முடிந்தது! மெக்சிகோவிடமும் அதே கணக்கில் தோல்வி. சூடானை 2-0 என வீழ்த்தியது. இத்தனை திறமை இருந்தும் உலகக் கோப்பை இறுதிச் சுற்றை ஒருமுறைகூட எட்டவில்லை என்பது ஆறாத வருத்தம்.