உங்கள் பிள்ளைக்கு ஆகாதது யாருக்கு ஆகும்?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மகனுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு, எடை 51 கிலோ. பள்ளி கேட்டுக்கு எதிரிலேயே நோட்டு, பேனாவோடு தின்பண்டமும் விற்கும் என் மாமனாரின் கடை இருக்கிறது. பள்ளி விட்டதும் அங்கே வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். ஏழு மணிக்குத் தாத்தாவோடு வீட்டுக்கு வருவான். கடைச் சாமான் எதையும் அவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று மாமனாரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படியும் எடை ஏறிக்கொண்டே போகிறது. கழுத்து வேறு கறுத்துப் போயிருக்கிறது, கடலை மாவு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நான் பள்ளியின் பெற்றோர்-ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) கமிட்டியில் இருக்கிறேன். கூட்டத்துக்குப் போனால் மற்ற அம்மாக்கள் பார்க்கிற பார்வையில் கூசிப் போகிறேன். அவன் இளைக்க நல்ல டயட் சார்ட் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, சார்ட் கேட்டு எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. காலையில் இத்தனை இட்லி, மதியம் இத்தனை கரண்டி சோறு என்று எழுதிக் கொடுத்தால் ஒரு வாரம் அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்களுக்கு நான் சார்ட் தரப் போவதில்லை.

முதலில் கழுத்து. அது அழுக்கு இல்லை. தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள், பிள்ளையின் தோல் புண்ணாகிவிடும். எடை கூடிய குழந்தைகளுக்குக் கழுத்திலும் அக்குளிலும் தோல் இப்படித் தடித்துக் கறுப்பது, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் மூன்றையும் பார்த்துவிடுங்கள். வளர்கிற பிள்ளையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்க வேண்டியதில்லை. பல குழந்தைகளுக்கு எடை இப்போதிருக்கும் இடத்திலேயே நின்றாலே போதும், உயரம் ஏற ஏற உடம்பு சரியாகிவிடும். உங்கள் மகனுக்கு எது வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார். வீட்டில் யாராவது அவனை 'குண்டா' என்று கூப்பிட்டால் அதையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். கடைச் சாமான் எதையும் அவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று மாமனாரிடம் கண்டிப்பாகச் சொன்னதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கடையில் தொங்குவது பத்து வயதுப் பிள்ளைக்கு ஆகாது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. வயதில் பெரியவரிடம் நேருக்கு நேர் சொல்லும் தைரியமும் இருந்திருக்கிறது. அதே நாலு மணிக்கு அதே கடை வாசலில் உங்கள் மகனின் வகுப்புப் பிள்ளைகள் காசை நீட்டிக்கொண்டு நிற்கிறார்களே, அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஏன் சொல்லவில்லை? உங்கள் பிள்ளைக்கு விஷம் போலத் தெரிவது கூலி வேலைக்குப் போகிறவளின் பிள்ளைக்கு எப்படிப் பலகாரம் ஆனது?

கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் யோசியுங்கள்.

பள்ளி வாசல் கடைகளை நான் நின்று கவனிக்கிறவள். சிப்ஸ் பாக்கெட் சரங்கள் பெரியவர் தலையில் இடிக்கும் உயரத்தில் தொங்குவதில்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தொங்குகின்றன. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று அவன் உள்ளங்கைக்குள் அடங்கும் விலை. பக்கத்தில் குளிர்பானக் கம்பெனி கொடுத்த கண்ணாடிக் கதவுப் பெட்டி, ரோட்டைப் பார்த்தபடி விளக்கு எரிந்துகொண்டு நிற்கும். கோலா வகைப் பானம் 100 மில்லியில் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை. 250 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்தால் 25 கிராம் தாண்டிவிடும். ஒரு நாளின் மொத்த சக்தியில் சேர்க்கும் சர்க்கரையின் பங்கை 5 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து வயதுப் பையனுக்கு அந்தக் கணக்கு ஏறக்குறைய அந்த ஒரு பாட்டிலோடு தீர்ந்துவிடுகிறது. வீட்டு டீயும் பிஸ்கட்டும் அதற்கு மேல்தான்.

தாத்தா கொடுக்காமலே எடை எப்படி ஏறுகிறது என்று கேட்கிறீர்கள். மூன்று மணி நேரம் மகனை அந்தச் சரங்களுக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறீர்கள். தாத்தா உள்ளே திரும்பினால் பாக்கெட்டைக் கூட்டுக்காரனிடம் எடுத்து நீட்டுவது அவன் கைதான். அந்தக் கூட்டுக்காரன் பிரித்து ஒரு பிடி தராமல் போவானா? தராவிட்டால் அவன் என்ன நண்பன்? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள் நம் பெரியவர்கள். ஊரார் பிள்ளைக்கு எதை ஊட்டுகிறோமோ அதுதான் நம் பிள்ளையின் வாய்க்கும் வந்து சேரும்.

இது உங்கள் வீட்டுத் தர்மம் மட்டும் இல்லை, சட்டமும் கூட. பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதிகள் கொண்டுவந்தது. 2021 ஜூலை 1 முதல் அவை நடப்பில் உள்ளன. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள் விற்கக் கூடாது. கேட்டிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. அதைச் சொல்லும் பலகையை வாசலில் வைப்பது பள்ளியின் பொறுப்பு. உங்கள் பள்ளி வாசலில் அந்தப் பலகை இருக்கிறதா? பி.டி.ஏ. கமிட்டியில் இருக்கும் நீங்கள் அதை என்றாவது கேட்டிருக்கிறீர்களா? கூட்டத்தில் மற்ற அம்மாக்களின் பார்வைக்குக் கூசுகிறீர்கள். கூச வேண்டியது மகனின் உடம்பைப் பார்த்து இல்லை.

'நாம் நிறுத்தினால் பக்கத்துக் கடைக்காரன் விற்பான்' என்று மாமனார் சொல்வார். அது நியாயமான பேச்சு, நான் மறுக்க மாட்டேன். ஒரு கடை மட்டும் நிறுத்தினால் அந்தக் கடைதான் படுக்கும், பிள்ளைகள் நாலு எட்டு தள்ளிப் போய் வாங்குவார்கள். அதனால்தான் இது ஒரு வீட்டுச் சமாச்சாரமாக இருக்கக் கூடாது என்கிறேன். வார்டு மெம்பர், தலைமை ஆசிரியர், ஹெல்த் இன்ஸ்பெக்டர், 50 மீட்டருக்குள் இருக்கிற எல்லாக் கடைக்காரர்களும் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். கேரளத்தில் கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது பஞ்சாயத்துச் சட்டம். ரேஷன், வீடு, பென்ஷன் என்று அங்கே பேசுகிறோம். பிள்ளைகள் சாயங்காலம் என்ன தின்கிறார்கள் என்று அங்கே கேட்டால் யாரும் தடுக்க முடியாது.

அரசாங்கம் வரி போட்டுப் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்காதீர்கள். 2016-ல் தாமஸ் ஐசக் நிதியமைச்சராக இருந்தபோது, பெயர் பெற்ற உணவகங்களில் விற்கும் பர்கர், பீட்ஸா மீது 14.5 சதவீத வரி போட்டது உங்கள் மாநிலம். நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்த வரி பெரிய ஊர்க் கடைகளைத் தொட்டதே தவிர, பள்ளி வாசலில் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டின் பக்கம் வரவில்லை. அடுத்த வருஷம் ஜி.எஸ்.டி. வந்ததும் அதுவும் போயிற்று. இப்போது 2025 செப்டம்பரிலிருந்து கோலாவுக்கு 40 சதவீத வரி, பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் வெறும் 5 சதவீதம். ஒரு கதவை அடைத்து இன்னொன்றை விரியத் திறந்து வைத்தால் பிள்ளை எந்தக் கதவு வழியாகப் போவான்? சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ மிகுந்த பாக்கெட்டின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்த வேண்டும். முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளிக்குள் விற்க முடியாது, பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் முடியாது. பாக்கெட், பள்ளி, விளம்பரம் மூன்றையும் சேர்த்துப் பிடித்தார்கள். சட்டம் போடுகிறவர்கள் அந்த அளவுக்குத் துணிய வேண்டும் என்பது என் கட்சி. துணியும் வரை நம் தெருவை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையை மூடச் சொல்லவில்லை. அந்தக் கடை வருமானத்தில்தான் உங்கள் கணவர் படித்திருப்பார், வளர்ந்திருப்பார். அதற்குரிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும். நோட்டு, பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் இருக்கட்டும். சரங்கள் தொங்கும் இடத்தில் ஒரு குலை பழம் தொங்கட்டும். அவித்த நேந்திரம்பழம், அவித்த நிலக்கடலை, சுண்டல், கொய்யா எல்லாம் ஐந்து பத்து ரூபாய்க்குக் கொடுக்கக்கூடியவைதான். தினமும் அவித்துக் கொடுக்கக் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் யாரையாவது கேளுங்கள், அவர்களுக்கும் நாலு காசு வரும். கடலை மிட்டாய் சின்னத் துண்டாக இருக்கலாம், ஆனால் வெல்லமும் சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம். பங்குனி வெயிலில் பாலக்காட்டுப் பிள்ளைகள் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தேடிப் போவதற்குப் பாதிக் காரணம் தாகம். பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க வைக்கவே கேரளப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' அடிக்கும் வழக்கம் வந்தது. கடை வாசலில் ஒரு பானை தண்ணீர் இலவசமாக வையுங்கள், பக்கத்தில் சம்பாரம் என்கிற நீர்மோர் விற்கட்டும். முதல் சில மாதம் வரும்படி குறையும். குறையாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

அப்புறம், அந்த மூன்று மணி நேரம். பாதுகாப்பு என்று எழுதாவிட்டாலும் அந்த நினைப்பில்தான் அங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பத்து வயதுப் பையன் ஒரு நாளில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். விளையாட்டு மைதானம் இல்லாத பள்ளிகளை மூடக்கூட அரசு தயங்கக் கூடாது என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ரோட்டைத் தாண்டினால் பள்ளி. அதன் மைதானத்தை ஆறு மணி வரை திறந்து வைக்க பி.டி.ஏ. தீர்மானம் போட முடியாதா? பெற்றோர் இரண்டு பேர் முறை போட்டு நின்றால் காவலும் ஆயிற்று. உங்கள் மகனோடு இன்னும் இருபது பிள்ளைகள் ஓடுவார்கள். வீட்டுப்பாடத்தை ஏழு மணிக்கு மேல் எழுதிக்கொள்ளட்டும்.

வரிசை தவறாமல் செய்யுங்கள். பி.டி.ஏ.வில் பேசுவதற்கு முன்னால் மாமனாரிடம் பேசுங்கள். தன் கடையைப் பற்றித் தன் மருமகள் பேசினாள் என்று ஊரார் வாயிலிருந்து அவர் கேட்கக் கூடாது. கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு பேசுங்கள். அவருக்கு ஒப்புதல் வர நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் பொறுங்கள், ஆனால் பேச்சை விடாதீர்கள். பலகைக்கான மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும், முடிந்தால் இரண்டாவது அவருடையதாக. பலகையை மலையாளத்தில் மட்டும் எழுதிவிடப் போகிறார்கள், தமிழிலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் அதைத்தான் படிப்பார்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாக: இந்தப் பேச்சு நடக்கும்போது மகன் அங்கே இருக்கக் கூடாது. 'உன்னால்தான் தாத்தா கடை இப்படி ஆயிற்று' என்று யாரும், எந்த நாளும், விளையாட்டுக்குக்கூட அவனிடம் சொல்லிவிடக் கூடாது.