கடல் மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தா மெயின் டேங்க்லயே மருந்து போடலாமா, இல்ல க்வாரன்டைன் டேங்க் கட்டாயமா?

டாங் மீன் மேல உப்பைத் தூவி விட்ட மாதிரி வெள்ளைப் புள்ளி, கூட இருக்கிற ரெண்டு க்ளவுன் மீன்ல இன்னும் ஒண்ணும் தெரியல, டேங்க்ல பவளமும் இறாலும் இருக்கு, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க.

தனி டேங்க் போட்டுத்தான் ஆகணும். மெயின் டேங்க்ல எதையும் ஊத்தாதீங்க. இந்த நோய்க்கு நம்பி இறங்கக்கூடிய மருந்து காப்பர், அது இறால், நத்தை, பவளம் எல்லாத்தையும் கொன்னுடும், அது போக பாறையும் மணலும் காப்பரை இழுத்துக்கும், அதனால தண்ணில அளவு ஒரே இடத்துல நிக்காது. பவளத்துக்கு ஒண்ணும் ஆகாது, மீனும் சரியாயிடும்னு லேபிள்ல போட்டு விக்கிற மருந்துங்க மேல எனக்கு நம்பிக்கையே இல்ல. பூண்டு கலந்து சாப்பாடு போடுறதும் அப்படித்தான், அது ஒட்டுண்ணியைக் கொல்லாது. க்ளீனர் இறால் புள்ளியைத் தின்னு சரி பண்ணிடும்னு சொல்றதையும் நம்பி உக்காந்திருக்காதீங்க.

ஆனா க்யூடி, அதாவது நோய் மீனைத் தனியா வெச்சுப் பாக்குற க்வாரன்டைன் டேங்க், போடுன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா அது பாதி பதில்தான். க்யூடில சாகுற மீன்ல நிறைய, நோயால சாகுறதில்ல, மீன் கழிவுல இருந்து வர்ற அமோனியாவாலயும் அளக்காம ஊத்தின மருந்தாலயும்தான் சாகுது. மருந்து பேரைத் தெரிஞ்சுக்கிறதுல காட்டுற அக்கறையை தண்ணி மேல காட்டுனா முக்கால்வாசி மீனைக் காப்பாத்திடலாம், இதை நான் ரொம்ப உறுதியா நம்புறேன்.

முதல்ல என்ன நோய்னு பாருங்க, புள்ளியை விட மூச்சைப் பாருங்க. செவுள் மூடி நிமிஷத்துக்கு எத்தனை தடவை அடிக்குதுன்னு போன்ல வீடியோ எடுத்து நிதானமா எண்ணுங்க, மறுநாளும் எண்ணி ஒப்பிடுங்க. புள்ளி எண்ணிப் பாக்குற அளவுக்கு தனித்தனியா இருக்கு, மீன் சாப்பிடுது, அப்பப்ப பாறைல உரசுதுன்னா அது மரைன் இக்கா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், க்ரிப்டோகேரியான் இரிட்டன்ஸ்னு ஒரு ஒட்டுண்ணி. மூச்சு வேகமா வாங்குது, வெளிச்சத்தைக் கண்டா ஒதுங்குது, பம்ப்ல இருந்து தண்ணி வர்ற இடத்துலயே போய் நிக்குது, சாப்பாட்டை விட்டுடுச்சு, பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் பாத்தா ரொம்ப நைசான தூள் படலம் தெரியுதுன்னா அது வெல்வெட், அதாவது அமைலோடினியம்ங்கிற இன்னொரு ஒட்டுண்ணி. அது முதல்ல செவுளைத்தான் பிடிக்கும், அதனால உடம்புல எதுவும் தெரியறதுக்கு முன்னாடியே மீன் போயிடலாம், ரெண்டு மூணு நாள்லயே டேங்க் காலியான கதையெல்லாம் இதுதான். ஒரு முட்டைக்கூட்டுல இருந்து 256 குஞ்சு வரைக்கும் வெளிய வரும்னா எவ்வளவு வேகமா பரவும்னு யோசிச்சுக்கோங்க. இதுல ஒரு ராத்திரி பொறுத்துப் பாக்கலாம்ங்கிற பேச்சே கூடாது.

க்ளவுன் மேல வழவழன்னு சளி படலம் படலமா உரிஞ்சு தொங்குனா அது ப்ரூக்ளினெல்லாங்கிற ஒட்டுண்ணி, அதுக்கு காப்பர் வேலை செய்யாது, ஃபார்மலின் வேணும். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள், கையுறை போட்டு காத்தோட்டமான இடத்துலதான் திறக்கணும், தண்ணில இருக்கிற ஆக்ஸிஜனையும் அது குறைக்கும், அதனால ஏர் ஸ்டோன் ஓடிட்டே இருக்கணும். கண்ணு மங்கலாகி மீன் தலையை உதறிட்டே இருந்தா ஃப்ளூக் புழுவான்னு பாருங்க, அதுக்கு ப்ராசிக்வான்டெல் போதும், ஆனா அதோட முட்டை அந்த மருந்துக்கு சாகாது, அதனால ஒரு வாரம் போல விட்டு இன்னொரு டோஸ் கட்டாயம். துடுப்பு ஓரத்துல சின்னச் சின்ன வெள்ளைக் கட்டியா கொத்தா இருந்தா லிம்போசிஸ்டிஸ், அது வைரஸ், மருந்து கிடையாது, நல்லா சாப்பாடு போட்டு தண்ணியைச் சுத்தமா வெச்சா பெரும்பாலும் தானா உதிர்ந்துடும். அந்த மீனுக்குப் போய் காப்பர் போட்டு வதைக்காதீங்க.

உங்க டாங் பத்தி நீங்க சொன்னதை வெச்சுப் பாத்தா இக் மாதிரிதான் இருக்கு. இக்ல எல்லாரும் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு, நாலஞ்சு நாள்ல புள்ளி தானா மறைஞ்சுடும், சரியாயிடுச்சுன்னு விட்டுடுவாங்க, கொஞ்ச நாள் கழிச்சு மூணு மடங்கா திரும்பி வரும். ஏன்னா அந்த ஒட்டுண்ணி மீன் தோலுக்கு அடியில 3-ல இருந்து 7 நாள் தின்னுட்டு தானா கீழ விழுந்துடும், பாறைலயோ மணல்லயோ கண்ணாடிலயோ ஒட்டிக்கிட்டு கூடு கட்டி உள்ளயே பிரிஞ்சு பெருகும், அப்புறம் நூத்துக்கணக்குல நீந்துற குஞ்சா வெளிய வரும், அதுங்க ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள ஒரு மீனைப் பிடிக்கலன்னா செத்துடும். காப்பர் கொல்றது இந்த நீந்துற கட்டத்தை மட்டும்தான், தோலுக்கு அடியில இருக்கிறதையோ கூட்டுக்குள்ள இருக்கிறதையோ அது தொடாது. அதனாலதான் வைத்தியம் இத்தனை நாள் இழுக்குது, அதனாலதான் புள்ளி போனதை வெச்சு மருந்தை நிறுத்தக் கூடாது.

இதுல இருந்தே இன்னொண்ணும் புரியும், க்ளவுன்ல ஒண்ணும் தெரியலன்னாலும் அதையும் எடுத்தாகணும். ஒரே ஒரு மீன் உள்ள இருந்தாலும் சுழற்சி ஓடிட்டேதான் இருக்கும். எல்லா மீனையும் எடுத்துட்டு மெயின் டேங்கை 76 நாள் மீன் இல்லாம விடுங்க. கூடு பெரும்பாலும் நாலு வாரத்துக்குள்ள பொரிஞ்சுடும், ஆனா ஆய்வுக்கூடத்துல 72 நாள் வரைக்கும் இழுத்துட்டு பொரிஞ்சதும் உண்டு, அதுக்குத்தான் இந்தக் கணக்கு. பவளம், இறால், நத்தை எல்லாம் அங்கயே இருக்கலாம், அதுங்களை இந்த நோய் தொடாது.

க்யூடி அழகா இருக்கணும்னு அவசியமே இல்ல. வெறும் கண்ணாடித் தொட்டி, மணல் கிடையாது, பாறை கிடையாது, ஒளிஞ்சுக்க பிவிசி பைப் துண்டுங்க, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், தனியா ஒரு ஏர் ஸ்டோன், மீன் குதிக்காம இருக்க மூடி. டாங் நீந்துற மீன், அதனால 100 லிட்டருக்குக் குறையாம பாத்துக்கோங்க. பக்கத்துல மூணு பக்கமும் கறுப்பு பேப்பர் ஒட்டி வெளிச்சத்தைக் கம்மி பண்ணுங்க, பயம் குறைஞ்சா சாப்பிடும். மெயின் டேங்க்ல இருந்து குறைஞ்சது 3 மீட்டராவது தள்ளி வைங்க, ஏர் ஸ்டோன் குமிழி வெடிச்சு தெறிக்கிற துளியில கூட ஒட்டுண்ணி போகும். ஸ்பாஞ்சை முன்கூட்டியே சம்ப்ல, அதாவது மெயின் டேங்கோட சேர்ந்து ஓடுற ஃபில்டர் தொட்டில, போட்டு அமோனியாவைத் தின்னுற பாக்டீரியா பிடிக்க வெச்சிருந்தா நல்லது, இப்ப அவசரம்னா சம்ப்ல கிடக்கிற ஸ்பாஞ்சோ ஃபில்டர் கல்லோ எதையாவது எடுத்துப் போடுங்க, அதுல கூடு ஒட்டி வந்தாலும் இங்க காப்பர்தானே ஓடப் போகுது. சம்ப்ல எதுவுமே இல்லன்னா கடைல பாட்டில்ல விக்கிற பாக்டீரியா, ஆனா அதை மட்டும் நம்பிடாதீங்க.

இப்ப அமோனியா. கடல் தண்ணியோட பிஹெச் 8-க்கு மேல இருக்கும், அந்த பிஹெச்ல அமோனியாவோட விஷத்தன்மை உள்ள பகுதி நன்னீரை விட அதிகமா இருக்கும். பாறையும் மணலும் இல்லாத தொட்டில, முதல் வாரத்துல, அது ஒரே ராத்திரியில ஏறிடும். காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க, கண்ணாடியில ஒட்டுற அமோனியா பேட்ஜும் ஒண்ணு வெச்சுக்கோங்க. மிச்ச சாப்பாட்டைப் பத்து நிமிஷத்துல உறிஞ்சி எடுத்துடுங்க. மாத்துறதுக்கு உப்புத் தண்ணி எப்பவுமே கலக்கி, சூடு சரி பண்ணி, ரெடியா இருக்கணும், அதுலயும் டேங்க்ல இருக்கிற அதே அளவு காப்பரை முன்னாடியே கலந்துடணும், இல்லன்னா ஒவ்வொரு தடவை தண்ணி மாத்தும்போதும் அளவு இறங்கிடும். அமோனியாவைக் கட்டிப்போடுற கண்டிஷனரை காப்பரோட சேர்த்து ஊத்தாதீங்க, சிலது காப்பரை மீனுக்கு இன்னும் கொடிய விஷமா மாத்திடும்.

காப்பர் ரெண்டு வகை, தண்ணில தனியா கரைஞ்சு நிக்கிற ஐயானிக், வேற பொருளோட கட்டிப்போட்ட கீலேட்டட். ரெண்டுக்கும் அளவு வேற வேற, ஒண்ணோட கணக்கை இன்னொண்ணுக்குப் போட்டா மீன் காலி. ஐயானிக்ல வேலை செய்யுற அளவுக்கும் கொல்ற அளவுக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி, அதனால புதுசா பண்றவங்களுக்கு நான் கீலேட்டட்தான் சொல்வேன், 2.0-ல இருந்து 2.5 பிபிஎம்குள்ள (பத்து லட்சத்துல இத்தனை பங்கு) நிறுத்தணும். கலர் பாத்து ஒப்பிடுற டெஸ்ட் கிட்ல 1.5-ஐயும் 2.0-ஐயும் கண்ணால பிரிக்கிறது கஷ்டம், டிஜிட்டல் காப்பர் மீட்டர் ஒண்ணு இருந்தே ஆகணும், மத்த எதுல மிச்சம் பிடிச்சாலும் இதுல பிடிக்காதீங்க. இக்னா ரெண்டு மூணு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, மீன் சாப்பாட்டை நிறுத்திட்டா அந்த அளவுலயே ஒரு நாள் நிக்க விட்டு அப்புறம் மேல போங்க. வெல்வெட்னா அவ்வளவு நேரம் கிடையாது, ஒரு நாளைக்குள்ள முழு அளவுக்குப் போயிடணும். 2.0-ஐத் தொட்ட நாள்ல இருந்து 30 நாள். நடுவுல ஒரு நாள் கீழ இறங்குனாலும் எண்ணிக்கையை முதல்ல இருந்து ஆரம்பிங்க, கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா வேற வழி இல்ல.

காப்பர் தாங்காத மீனுங்களும் இருக்கு, சில ராஸ், குள்ள ஏஞ்சல், பஃபர் மாதிரி. அதுங்களுக்கு இக் மட்டும்தான்னு உறுதியா தெரிஞ்சா ஹைப்போசாலினிட்டி பண்ணலாம், உப்பு அடர்த்தியை ரெண்டு நாள்ல 1.009-க்கு இறக்கி, கடைசிப் புள்ளி மறைஞ்சதுல இருந்து 30 நாள் அங்கயே வைக்கிறது. உப்பை அளக்குற ரிஃப்ராக்டோமீட்டரைச் சரி பாத்துட்டு ஆரம்பிங்க, 1.011 ஆயிட்டா ஒட்டுண்ணி பிழைச்சுக்கலாம். பிஹெச்சும் இறங்கும், தினம் பாக்கணும். முடிஞ்சப்புறம் உப்பை ஏத்துறதை மட்டும் ஒரு வாரம் எடுத்து மெதுவா பண்ணுங்க, மீனுக்கு இறங்குறதை விட ஏறுறதுதான் கஷ்டம். வெல்வெட்டுக்கு இந்த முறை உதவாது. 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை புதுத் தொட்டிக்கு மாத்துறது, மொத்தம் நாலு தடவைன்னு ஒரு முறையும் இருக்கு, இக்குக்கு அருமையா வேலை செய்யும், மருந்தே வேண்டாம், ஆனா பழைய தொட்டி, பைப், ஏர் ஸ்டோன் எல்லாத்தையும் ஒவ்வொரு தடவையும் கழுவி முழுசா காய வைக்கிற பொறுமை வேணும், மெயின் டேங்க் ஸ்பாஞ்சையும் இதுல பயன்படுத்தக் கூடாது.

மூச்சு ரொம்ப வாங்குற மீனுக்கு மட்டும் க்யூடிக்குள்ள விடுறதுக்கு முன்னாடி நன்னீர்ல 5 நிமிஷம் விடலாம், செவுள்ல இருக்கிற ஒட்டுண்ணி கொஞ்சம் கொட்டி மீனுக்கு மூச்சு கிடைக்கும், ஃப்ளூக் இருந்தா வெள்ளையா அடியில விழுறதும் கண்ணுக்குத் தெரியும். சூடும் பிஹெச்சும் டேங்க் தண்ணியோட ஒத்துப் போகணும், க்ளோரின் இருக்கக் கூடாது, ஏர் ஸ்டோன் ஓடணும், பக்கத்தை விட்டு நகரக் கூடாது. இது முதலுதவி மட்டும்தான், நோய் இதுல போகாது.

ஒரே நேரத்துல ரெண்டு மூணு மருந்தைக் கலக்குற பழக்கம் வேண்டவே வேண்டாம், முக்கியமா காப்பரும் ஃபார்மலினும் சேரக் கூடாது. புண்ணோ துடுப்பு அழுகலோ கண்ணுக்குத் தெரியாம ஆன்டிபயாட்டிக் போடாதீங்க, அது ஸ்பாஞ்ச்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் கொன்னுட்டா திரும்ப அமோனியாவுலதான் போய் நிப்பீங்க. டாங் சாப்பிடணும், அதுதான் பெரிய விஷயம். கடல்பாசி ஷீட்டை க்ளிப்ல மாட்டி விடுங்க, வைட்டமின்ல ஊற வெச்ச மைசிஸ் (இறால் மாதிரி இருக்கிற குட்டி உயிரி) கொஞ்சமா நாலு தடவையா போடுங்க.

30 நாள் முடிஞ்சதும் தண்ணி மாத்தியும் கார்பன் போட்டும் காப்பரை எடுத்துட்டு, ரெண்டு வாரம் மருந்தே இல்லாம பாத்துட்டே இருங்க, ஏதாவது மிச்சம் இருந்தா இங்கயே தெரிஞ்சுடும். அதுக்கப்புறமும் மெயின் டேங்க் 76 நாளைத் தொடுற வரைக்கும் மீன் க்யூடிலயேதான் இருக்கணும், அங்கதான் எல்லாருக்கும் பொறுமை போகுது. அந்த இடைவெளில புதுசா பவளமோ நத்தையோ வாங்கி மெயின் டேங்க்ல போட்டா, ஓட்டுலயும் அடிப்பாறைலயும் கூடு ஒட்டி வரலாம், அப்ப எண்ணிக்கை அன்னைல இருந்து திரும்ப ஆரம்பிக்கும். க்யூடில போட்ட வலை, டியூப், ஹீட்டர் எதையும் மெயின் டேங்க் பக்கம் கொண்டு போகாதீங்க, அதுக்குன்னு தனியா ஒரு செட் இருக்கட்டும்.