ஈரல் சூப்பும் ஈயமும்

கேள்வி: என் மகனுக்கு ஸாம்பியாவில் வேலை. கப்வே என்ற ஊருக்குப் போனபோது, அங்கே மேயும் ஆட்டின் ஈரலைச் சாப்பிட வேண்டாம் என்று கூட வந்தவர்கள் தடுத்தார்களாம். சுரங்க மண்ணில் ஈயமாம். நான் இங்கே பேத்திக்கு இரத்தம் ஊற வாரம் ஒருமுறை ஆட்டீரல் சூப் கொடுக்கிறேன். மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவி, நன்றாக அவித்தால் போதாதா?
— ஒரு பாட்டி, வெள்ளவத்தை

பதில்: முதலில் மஞ்சள் கதையை முடித்துவிடுவோம், அம்மா. அவித்தால் சாவது கிருமி. ஈயமும், காட்மியம் என்ற இன்னொரு நஞ்சும் உலோகம். எவ்வளவு நேரம் கொதித்தாலும் சட்டிக்குள்தான் கிடக்கும்.

மகனைத் தடுத்தவர்கள் சொன்னது சரி. கப்வே ஈயச் சுரங்கத்தை 1994இல் மூடினார்கள். மண்ணில் படிந்தது போகவில்லை. அந்தப் பக்கத்து மாடுகளின் ஈரலிலும் குண்டிக்காயிலும் ஈயமும் காட்மியமும் கூடுதலாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காட்மியம் வேர் வழியாக ஏறி இலைக்கே வந்துவிடும். மண்ணில் அமிலம் கூடினால் இன்னும் சுலபமாக ஏறும். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். ஆனால் இலையில் படிந்த தூசி இருக்கிறதே! வெயில் காலத்தில் கட்டைப்புல்லைக் கரம்பும் மாட்டைப் பாருங்கள், மண்ணையும் சேர்த்துத்தான் விழுங்கும்.

காட்மியம் போய்த் தங்குமிடம் குண்டிக்காயும் ஈரலும். ஐரோப்பியச் சட்டம் மாட்டிறைச்சியில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம்தான் அனுமதிக்கிறது, ஈரலுக்கு 0.5, குண்டிக்காய்க்கு 1. எங்கே சேரும் என்று சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியும்.

நம் நாட்டில் கப்வே மாதிரிச் சுரங்கம் இல்லை. பொகலையில் தோண்டும் காரீயத்துக்குப் பெயரில்தான் ஈயம். பொருள் பென்சில் கரி. கொழும்பில் எனக்குப் பயம் வேறு. நான் அரச மிருக வைத்தியராக இருந்தபோது, மட்டக்குளியில் ஒரு கட்டாக்காலி மாடு கண் தெரியாமல் மதிலில் தலையை முட்டிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்தபடி நின்றது. விசர் என்று நினைத்து அயலவர்கள் தடியோடு வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் செத்தது. வயிற்றைத் திறந்தேன்: பழைய கார் பட்டரியின் தகட்டுத் துண்டுகள். ஒரு பட்டறைக்குப் பின்னால் குப்பையோடு கிடந்ததை நக்கி, மென்று விழுங்கியிருக்கிறது. அந்த மாடு சாகுமுன் யாராவது இறைச்சிக்குப் பிடித்துப் போயிருந்தால்? இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசையும்.

சரி, உங்கள் சூப்புக்கு வருவோம். நிறுத்த வேண்டாம். வயதேற ஏறக் காட்மியமும் சேரும், ஆகவே இளம் ஆட்டின் ஈரலாக வாங்குங்கள். கிழட்டு ஆட்டின் குண்டிக்காயைத் தவிருங்கள். ஆடு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெருவில் குப்பை மேய்ந்ததென்றால் அடுத்த கடைக்குப் போங்கள். அப்புறம், பேத்திக்கு உண்மையிலேயே இரத்தம் குறைவா என்று சோதித்தீர்களா? அந்தச் சூப் அவளுக்குப் பிடிக்குமா என்றுகூட நீங்கள் எழுதவில்லையே!