விதை வங்கி: திரும்பி வந்த நெல் ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா வழக்கப்படி, 2 கிலோ விதை வாங்கியவர் 4 கிலோ திருப்பித் தரும் ஏற்பாட்டில் 14 பேர் சேர்ந்து விதை வங்கி தொடங்கினோம். திரும்பி வந்த மாப்பிள்ளைச் சம்பா பாதி முளைக்கவில்லை. முளைத்ததும் குட்டையும் நெட்டையுமாக நிற்கிறது. எங்கே தவறு? (கீழ்வேளூர் வாசகர்)

பதில்: இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள்.

பயிர் குட்டையும் நெட்டையுமாக நிற்பது வேறு ரகம் கலந்ததன் அடையாளம். இந்தக் கலப்புக்கு முதல் சந்தேகம் அறுவடை இயந்திரம்தான். முந்தைய வயலின் நெல் அதற்குள் தங்கி, உங்கள் விதையோடு கொட்டும். விதைக்கென்று 5 சென்ட் ஒதுக்கி, அதை மட்டும் கையால் அறுத்து அடித்தெடுங்கள். 4 கிலோ திருப்பித் தர அது தாராளம். நெல் தன் மகரந்தத்திலேயே கருக்கட்டும் பயிர் என்பதால் பக்கத்து ரகத்திலிருந்து 3 மீட்டர் இடைவெளி போதும். சென்ற போகத்தில் சிந்திய நெல்லை மறந்துவிடாதீர்கள். நடவுக்கு முன் வயலை நனைத்து, அதை முளைக்கவிட்டு உழுதுவிட வேண்டும். பூக்கும்போது ஒருமுறை, கதிர் முற்றியதும் ஒருமுறை இறங்கி, உயரம், மணியின் நிறம், மீசை பார்த்துக் கலவனை வேரோடு பிடுங்குங்கள்.

முளைப்பைக் கெடுத்தது ஈரமாக இருக்கலாம். டெல்டாவில் சம்பா அறுவடை பனிக்காலத்தில் வருகிறது. பகலெல்லாம் காய்ந்த நெல்லை இரவில் களத்தில் திறந்து போட்டால் மறுபடி ஈரம் குடிக்கும். காலை 8 முதல் 12 வரையும் மாலை 3 முதல் 5 வரையும் காயவையுங்கள். உச்சிவெயில் முளைக்கருவைச் சுடும். ஈரப்பதம் 12–13 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். கருவி இல்லாவிட்டால் பல்லில் கடித்துப் பாருங்கள், நறுக்கென்று உடைய வேண்டும். பிறகு கிலோவுக்கு 10 கிராம் வசம்புத்தூள் கலந்து, புதுச் சணல் சாக்கில் கட்டி, சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் பலகைமேல் அடுக்குங்கள். தரையில் வைத்த மூட்டை அடியிலிருந்து பூசணம் பூக்கும்.

இனி, வங்கி சோதிக்காமல் எதையும் வரவு வைக்கக் கூடாது. 100 விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து ஒரு வாரத்தில் எண்ணுங்கள். 80-க்குக் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள். உறவுக்காரர் நெல்லானாலும் இதில் தயவு வேண்டாம், வாங்கிப்போகும் அடுத்தவருக்கு ஒரு போகமே போய்விடும். ஆனால் அறுத்த கையோடு சோதிக்காதீர்கள். விதை உறக்கத்தில் இருக்கும் நல்ல நெல்லும் அப்போது முளைக்காது. இரண்டு மாதம் பொறுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கும் வயலுக்கும் கடலோர உவர் நிலத்துக்கும் வங்கியில் எதை வைக்கலாம்? (வேதாரண்யம் வாசகர்)

பதில்: தண்ணீர் தேங்கும் தாழ்ந்த வயலுக்குக் காட்டுயானம், சுமார் 180 நாள் பயிர், ஆளுயரத்துக்கு மேல் வளரும். உவருக்குக் குழியடிச்சான். ஒவ்வொரு ரகத்தையும் குறைந்தது மூன்று வீட்டு வயல்களில், மேடு பள்ளம் மாற்றிப் பயிரிடச் செய்யுங்கள். ஒரு வெள்ளத்தில் ரகமே அற்றுப்போகாது. ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும் என்பதால் கொஞ்ச விதையும் பல கைகளுக்குப் போகும்.

கேள்வி: விதையைப் பரிமாற உரிமம் வேண்டுமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் (2001) விளைந்த விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப்பெயர் பொறித்த விதையாக விற்க மட்டும் அதில் இடமில்லை.