படிப்பு ஏறாத பிள்ளைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாத்தூர்ப் பக்கத்து ஆள் நான். சின்ன வயதில், பள்ளிக்கூடம் போக மீதி நேரமெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினேன், லேபிள் ஒட்டினேன். அப்படியும் பாலிடெக்னிக் முடித்து இன்று சிங்கப்பூரில் சொந்த வீட்டில் இருக்கிறேன். ஊரில் தம்பி மகள் ஏழாவது படிக்கிறாள். சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறாள். வீடியோ காலில் அதைப் பார்த்ததிலிருந்து, உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகள் என்னோடு சண்டை. ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிற பிள்ளை வீட்டில் கைவேலை செய்தால் படிப்பு கெட்டுவிடுமா? நாங்கள் படிக்கவில்லையா?

கே.ஆர்., உட்லண்ட்ஸ்

அன்புள்ள கே.ஆர்.,

நீங்கள் படித்தீர்கள். உங்களோடு கட்டை அடுக்கியவர்கள்? விடியுமுன்னே ஆபீஸ் பஸ் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன வட்டாரம் அது. அதிலிருந்து மீண்டவர்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறார். மற்றவர்களைப் பற்றி விசாரித்தால் “அவனுக்குப் படிப்பு ஏறலை, அதான் வேலைக்கு அனுப்பிட்டோம்” என்பார்கள். நான் இதை நம்புவதில்லை. பெரும்பாலும் வேலைதான் முதலில் வந்திருக்கும். படிப்பு ஏறாமல் போனது அதற்குப் பிறகு.

வேலை ஒரே நாளில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து பிடுங்குவதில்லை. முதலில் போவது வீட்டுப்பாடம். பிறகு தூக்கம். எழுதாமல் போனால் டீச்சர் கேட்பார் என்று ஒரு நாள் லீவு. தீபாவளிக்கு முன் ஆர்டர் குவியும்போது இன்னும் சில நாள். அந்த நாட்களில் பின்னம் நடத்திவிட்டால் அடுத்த வருஷம் இயற்கணிதம் புரியாது. பதிவேட்டில் பெயர் இருக்கும், மதியச் சாப்பாடும் உண்டு. தமிழ்நாட்டில் எட்டாவது வரை யாரையும் ஃபெயிலாக்குவதும் இல்லை (அது நல்ல ஏற்பாடு என்பதே என் கட்சி). ஆகவே ஓட்டை வெளியே தெரிவது ஒன்பதாவதில், பத்தாவதில். கட்டாயக் கல்விச் சட்டம் கைவிடுவதும் 14 வயதில்தான். ஆபத்தான தொழில் தவிர மற்ற வேலைக்குப் போகலாம் என்று தொழிலாளர் சட்டம் கதவைத் திறப்பதும் அதே 14-ல். படிப்பு ஏறலை என்ற பேச்சு வீட்டில் சரியாக அப்போது ஆரம்பிக்கும்.

குடும்பத் தொழில்தானே என்று தம்பி சொல்லக்கூடும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்கிறது. ஆனால் காகிதமும் பசையும் ஏஜெண்ட் கொடுத்து, எண்ணிக்கைக்குக் கூலி என்றால் அது யாருடைய தொழில்? கம்பெனி வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பிள்ளைகளின் விரல்களையும் சேர்த்தே அந்தக் கூலி நிர்ணயமாகிறது. தாய் ஒருத்தி உருட்டி வாழ முடியாத கூலி அது.

டிசம்பர் லீவில் அப்பாவின் கடையில் கல்லாவில் உட்காரும் பிள்ளையை நான் இதில் சேர்க்கவில்லை. அதே சமயம், சிங்கப்பூரில் இருக்கிறோம் என்று நிம்மதியாகவும் இருக்க வேண்டாம். இங்கே தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். 13 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைக்கவும் கூடாது. ஆனால் அம்மா இரவு வேலைக்குப் போக, தம்பி தங்கைக்குச் சோறு போட்டுத் தூங்கவைக்கும் மூத்த பெண்ணை எந்த அதிகாரியும் எண்ணுவதில்லை. மறுநாள் அவள் வகுப்பில் கண்ணயர்ந்தால் சோம்பேறி என்று பெயர்.

உங்கள் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் “நிறுத்து” என்று தம்பிக்கு உத்தரவு போட்டால் நடக்காது. 1996-ல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், பிள்ளைக்குப் பதில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு பார்க்க வேண்டும் என்றது. பிள்ளையின் கூலி போன இடத்தில் வேறு பணம் வராமல் வேலை நிற்காது என்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் அந்தக் கணக்கைப் போடுங்கள். அவள் கையால் மாதம் எவ்வளவு வருகிறது என்று தம்பி மனைவியிடம் கேளுங்கள். இங்கே உங்கள் மகளின் ஒரு மாத டியூஷன் பணத்தில் அது அடங்கிவிடும் என்றுதான் நினைக்கிறேன். வழக்கமாக அனுப்புவதோடு அதைத் தனியாக, இன்னதற்கு என்று சொல்லியே அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் கவனம். குழாய் நின்றதும் அடுப்படியை அவள் தலையில் கட்டிவிடப் பார்ப்பார்கள். அம்மா கூடுதலாக உருட்டுவதற்காக மகள் சமைப்பாள். நீங்கள் அனுப்பும் பணம் அவளுடைய சாயங்கால நேரத்துக்கும் சேர்த்துத்தான் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.